நிரையும் மனிதரும்: அட்டவணைத் தரவும் இணையச் சுமைச் சோதனையும் – ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு உழைப்பின் வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. ஒரு கருவி எவ்வாறு இயங்குகின்றது என்ற வினாவோடு, அதனை இயக்கும் வேலை எவரெவருக்கு எவ்வாறு பங்கிடப்பட்டது என்ற வினாவையும் சேர்த்து எழுப்பும்போதே அவ்வரலாறு முழுமை பெறும். விசைத்தறியையும் நீராவி இயந்திரத்தையும் இந்நோக்கில் ஆராய்ந்தோர் பலர். கணினித் துறையின் அன்றாடச் சிறு கருவிகளும் அவ்வாறே ஆராயப்பட வேண்டியவை. அத்தகைய கருவியொன்றை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

அரசாங்கத் திணைக்களமோ வங்கியோ பல்கலைக்கழகமோ புதிய இணையத்தளமொன்றை மக்களுக்குத் திறந்துவிடுமுன், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தால் அது தாங்குமா எனப் பரீட்சித்துப் பார்ப்பது இன்று வழக்கமாகும். இதனைச் சுமைச் சோதனை என்பர். ஆயிரம் பேரை அழைத்துவந்து ஆயிரம் கணினிகளின் முன்னே இருத்துதல் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆதலின் ஒரு மென்பொருள் அவ்வாயிரம் பேராகவும் நடிக்கின்றது. நடிப்பதற்கு வேண்டிய விபரங்கள், அதாவது பெயர், கடவுச்சொல், பிறந்த திகதி, தேடும் பொருள் முதலியன, விரிதாள் போன்ற கோப்பொன்றில் நிரை நிரையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு நிரை ஒரு மனிதர். மென்பொருள் ஒரு நிரையை வாசித்து அம்மனிதராகித் தளத்தினுட் புகும், படிவத்தை நிரப்பும், வெளியேறும், பின் அடுத்த நிரையை எடுக்கும்.

இவ்வேற்பாட்டிலே கட்டளை வேறாகவும் தரவு வேறாகவும் நிற்கின்றன. இப்பிரிவினை எவ்வாறு தோன்றியது? அட்டவணையின் நிரைகளை நிரப்புவோர் யாவர்? அந்நிரைகளில் இடம்பெறாத மனிதருக்கு என்ன நேர்கின்றது? இவ்வினாக்களே எமது கவனத்துக்குரியன.

1. மூளை உழைப்பின் பிரிவினை

பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்த 1790களில், புதிய தசம அளவை முறைக்கு ஏற்ற மடக்கை அட்டவணைகளையும் திரிகோண கணித அட்டவணைகளையும் ஆக்கும் பொறுப்பு கஸ்பார் டி புரோனி என்ற பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1776இல் வெளிவந்த நூலில் அடம் சிமித் குண்டூசித் தொழிலை எடுத்துக்காட்டி விளக்கிய தொழிற் பிரிவினையை டி புரோனி கணிதத்துக்குப் பிரயோகித்தார். அவர் தம் ஊழியரை மூன்று பகுதியினராக வகுத்தார். சூத்திரங்களை ஆராய்ந்து தெரிந்தோர் ஒரு சிலரான பெருங் கணிதவியலாளர். அச்சூத்திரங்களை எண்களுக்கு ஏற்றவாறு அமைத்தோர் ஏழெட்டுப் பேர். அறுபது முதல் எண்பது வரையினரான மூன்றாம் பகுதியினரோ கூட்டலும் கழித்தலும் மாத்திரம் செய்தனர். இம்மூன்றாம் பகுதியினரிற் பெரும்பாலானோருக்குக் கூட்டல், கழித்தலுக்கு அப்பாற்பட்ட கணித அறிவு தேவைப்படவில்லை என்பதைப் பின்னாளில் சார்ள்ஸ் பபேஜ் சிறப்பாகக் குறிப்பிட்டார்.

சிந்திப்போர் ஒரு புறமும் நிரப்புவோர் மறு புறமும் பிரிந்தபின், நிரப்புவோரின் இடத்தில் இயந்திரத்தை வைக்கலாம் என்ற எண்ணம் தோன்றுதல் இயல்பே. இயந்திரங்களினதும் உற்பத்தித் தொழில்களினதும் பொருளாதாரம் பற்றி 1832இல் வெளியிட்ட நூலிலே பபேஜ் இத்தொடர்பை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். 1830களில் அவர் திட்டமிட்ட பகுப்பு இயந்திரத்துக்கு, லியோன் நகரத்துப் பட்டுத் தறியில் ஜக்கார்ட் பயன்படுத்திய துளையட்டை முறையை எடுத்தாண்டார். அவ்வியந்திரத்திற்கான அட்டைகளை இரு வகையாக அவர் பிரித்தமையே எமது பொருளுக்கு முக்கியமானது. என்ன செய்கை நிகழவேண்டும் எனக் கூறும் அட்டைகள் ஒரு வகை. எந்தக் கணியங்கள்மீது நிகழவேண்டும் எனக் கூறும் அட்டைகள் மற்றொரு வகை. செய்கை மாறாதிருக்கக் கணியங்கள் மாறிக்கொண்டே போகலாம். பகுப்பு இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவேயில்லை. எனினும் செயலையும் செயலுக்குரிய பொருளையும் வெவ்வேறு அட்டைகளில் வைக்கும் கருத்து நிலைபெற்றது. இன்றைய சுமைச் சோதனைக் கோப்பு அக்கருத்தின் தூரத்து வழித்தோன்றலேயாகும்.

2. அட்டையில் எழுதப்பட்ட குடிமக்கள்

கணியத்தின் இடத்தில் மனிதர் வந்து சேர்ந்தது 1890ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கக் குடிசன மதிப்பின்போதாகும். 1880ஆம் ஆண்டு மதிப்பின் விபரங்களைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் சென்றன. குடித்தொகையோ விரைவாகப் பெருகிக்கொண்டிருந்தது. ஹெர்மன் ஹொலரித் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை. வயது, பால், பிறந்த இடம், தொழில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவ்வட்டையில் ஓரிடம். உரிய இடத்தில் ஒரு துளை. எழுதுவினைஞர்கள் துளையிட, மின்சாரத் தொகுப்பி அத்துளைகளை எண்ணியது. ஆறு கோடிக்கு மேற்பட்ட மனிதர் இவ்வாறு அட்டைகளாயினர். ஹொலரித் 1896இல் நிறுவிய கம்பனி 1911இல் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்ற பெயரைப் பெற்றது. அந்நிறுவனம் 1928இல் அறிமுகஞ் செய்த 80 நிரல் அட்டை பல தசாப்தங்கள் வழக்கில் இருந்தது.

அட்டையின் அமைப்பை முன்கூட்டியே தீர்மானிப்பவர் எவற்றை நிரல்களாகக் கொள்கின்றாரோ அவை மாத்திரமே மனிதரைப் பற்றிய உண்மைகளாகின்றன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. நிரலில்லாத பண்பு இயந்திரத்தின் கண்ணுக்குத் தென்படாது. அட்டவணை உண்மையைப் பதிவு செய்கின்றது. அதே கணத்தில் உண்மையைத் தெரிவு செய்தும் விடுகின்றது.

3. சுமை என்னும் கருத்து

நிரையின் வரலாறு இவ்வாறிருக்கச் சுமையின் வரலாறு தொலைபேசி நிலையத்தில் ஆரம்பிக்கின்றது. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏ. கே. ஏர்லாங் என்ற டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர், எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்போருள் எவ்வளவு பங்கினர் இணைப்புப் பெறாது போவர் என்ற நடைமுறைப் பிரச்சினையை ஆராய்ந்தார். 1909இலும் 1917இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளமாயின. தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கே பின்னர் அவர் பெயர் சூட்டப்பட்டது.

1961இல் ஜோன் லிற்றில் என்ற அமெரிக்க அறிஞர் எளிய தேற்றமொன்றைப் பொதுப்பட நிறுவினார். ஓர் இடத்தில் ஒரே வேளையில் சராசரியாக இருப்போர் தொகை, அங்கு வந்துசேரும் வீதத்தை ஒருவர் அங்கு தங்கும் நேரத்தாற் பெருக்கக் கிடைப்பதாகும். ஓர் இணையத்தளத்துக்கு மணித்தியாலத்துக்கு 3,600 பேர், அதாவது செக்கனுக்கு ஒருவர், வருவதாகக் கொள்வோம். ஒருவர் படிவத்தை நிரப்ப 20 நிமிடம், அதாவது 1,200 செக்கன், எடுப்பாராயின் ஒரே வேளையில் 1,200 பேர் அங்கிருப்பர். படிவத்தின் மொழி விளங்காமலோ கணினிப் பழக்கம் இல்லாமலோ அவர் 30 நிமிடம் எடுப்பாராயின் தொகை 1,800 ஆகும். வருவோர் தொகை சற்றேனும் கூடவில்லை. சுமை மாத்திரம் அரைப்பங்காற் கூடிவிட்டது. இயந்திரத்தின் மீதான சுமை என்று நாம் எண்ணுவதன் ஒரு கூறு, மக்களின் கல்வியிலும் வசதியிலும் படிவத்தின் தெளிவிலும் தங்கியிருத்தலை இச்சிறு கணக்கே உணர்த்திவிடுகின்றது.

4. விரிதாளும் நடிக்கும் பயனரும்

1979இல் டான் பிறிக்லின், பொப் பிராங்க்ஸ்ரன் ஆகிய இருவரும் ஆக்கிய விசிகல்க் என்ற மென்பொருள் அப்பிள் 2 கணினியில் இயங்கத் தொடங்கியது. கணக்காளர் அகன்ற தாள்களிற் செய்துவந்த வேலை திரைக்கு வந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3 உம் 1985இல் எக்செல்லும் தொடர்ந்தன. இவற்றால், கட்டளை எழுதத் தெரியாத எழுதுவினைஞரும் கணக்காளரும் கணினியின் அட்டவணையைத் தாமே ஆளும் நிலை ஏற்பட்டது. மூளை உழைப்பின் பிரிவினையிற் கீழ்ப்படியில் இருத்தப்பட்டோர் கைக்கு அட்டவணை திரும்பி வந்தமை, வரையறைக்குட்பட்டதாயினும், ஒரு முன்னேற்றமேயாகும்.

ஒரு விரிதாளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்குத் தரவைக் கொண்டுசெல்ல மிக எளிய வழியொன்று கைக்கொள்ளப்பட்டது. ஒரு நிரைக்கு ஒரு வரி. இரு நிரல்களுக்கிடையில் ஒரு காற்புள்ளி. காற்புள்ளியாற் பிரித்த தரவை வாசிக்கும் முறை 1972இலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் போர்ட்ரான் மொழிபெயர்ப்பியொன்றில் இருந்தது. சி.எஸ்.வி. எனப்படும் இக்கோப்பு வகைக்கு இணையத் தொழினுட்ப ஆவண வரிசையின் 4180ஆம் இலக்க ஆவணம் 2005இலேயே ஒரு பொது விளக்கத்தைத் தந்தது. நியமம் தோன்றுமுன்னரே வழக்கு வேரூன்றிவிட்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

1990களில் இணையம் பொதுமக்களிடையே பரவியபோது சுமைச் சோதனைக் கருவிகளும் பெருகின. 1989இல் நிறுவப்பட்ட மேர்க்கியூரி இன்ரராக்ரிவ் கம்பனியின் லோட்ரன்னர் வணிக உலகில் முன்னணியில் நின்றது. இத்தகைய வணிகக் கருவிகளுக்கு, நடிக்கும் பயனரின் தொகைக்கேற்ப உரிமக் கட்டணம் அறவிடப்பட்டது. இல்லாத மனிதரும் விலைப்பொருளாயினர் எனலாம். 1998இல் ஸ்ரெபனோ மட்சொக்கி தொடக்கிவைத்த ஜேமீட்டர், அப்பாச்சி அமைப்பின் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து, பணவசதி குறைந்த நிறுவனங்களுக்கும் இவ்வாய்ப்பைத் திறந்துவிட்டது.

இக்கருவிகளின் செய்முறையைச் சுருக்கமாக நோக்குவோம். ஒருவர் தளத்தைப் பயன்படுத்தும் முறை முதலிற் பதிவு செய்யப்படும். அப்பதிவில் அவருடைய பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். இதையே ஆயிரம் தடவை திருப்பி இயக்கினால் ஆயிரம் பேர் வந்ததாகாது. ஒருவரே ஆயிரம் தடவை வந்ததாகும். சேவையகமோ ஒரு முறை தேடிக் கொடுத்த விடையைத் தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டு, அதே வினா திரும்பவும் வரும்போது தேடாமலே கொடுத்துவிடும். எனவே சோதனையில் தளம் உண்மையிலும் வேகமானதாகத் தோற்றும். இதனைத் தவிர்க்கவே பதிவிலுள்ள பெயரை நீக்கி, அவ்விடத்தில் நிரலின் பெயரை இடுகின்றனர். கோப்பின் ஒவ்வொரு நிரையும் அவ்விடத்தை நிரப்புகின்றது. பபேஜின் இருவகை அட்டைகளும் இங்கு மீண்டும் தோன்றுகின்றன.

தரவு வேறு கோப்பில் நிற்பதால் விளையும் பெருநன்மை, கட்டளை எழுதத் தெரியாதவரும் அக்கோப்பை நிரப்பலாம் என்பதே. வோர்ட் கனிங்காம் 2002இல் உருவாக்கிய பிற் என்ற சோதனை முறை இந்நன்மையையே அடிப்படையாகக் கொண்டது. அது சுமையை அளக்கும் கருவியன்று. மென்பொருள் சரியான விடை தருகின்றதா எனப் பார்ப்பது. வேலையை அறிந்தோர் தமக்குத் தெரிந்த உதாரணங்களை அட்டவணையாக எழுத, கட்டளை எழுதுவோர் அவ்வட்டவணைக்கு இயந்திரத்தை இணங்கச் செய்தனர். டி புரோனியின் காலத்திற் பிரிந்த இருசாராரும் ஒரே தாளின் முன் மீண்டும் சந்திக்கலாம் என்பதற்கு இம்முறை சான்றாகும்.

5. நிரை மறைப்பவை

ஆயினும் நடைமுறையில் அச்சந்திப்பு எப்போதும் நிகழ்வதில்லை. நேரம் குறைவாகும்போது நிரைகளையும் ஒரு கட்டளைத் தொடரே ஆக்கிவிடுகின்றது. ‘பயனர்1’, ‘பயனர்2’ எனப் பெயர்கள் நீளும். எல்லோருக்கும் ஒரே பிறந்த திகதி; ஒரே முகவரி; ஒரே விரைவு. பத்தாயிரம் நிரைகள் இருக்கும். மனிதர் ஒருவரே இருப்பர்.

இதன் விளைவுகள் சிலவற்றை எடுத்துக்காட்டலாம். ஒன்று, கோப்பின் கடைசி நிரை முடிந்ததும் மீண்டும் முதல் நிரைக்குச் செல்லுமாறு கருவியை அமைப்பதுண்டு. ஏற்கெனவே விண்ணப்பித்தவர் திரும்பவும் விண்ணப்பிக்கும்போது, தளம் ‘நீர் முன்னரே பதிவு செய்துள்ளீர்’ என்ற சிறு பக்கத்தை உடனே அனுப்பும். விடையின் உள்ளடக்கத்தை வாசிக்குமாறு கருவிக்குக் கூறப்படாவிட்டால், அது இதனையும் வெற்றியென்றே எண்ணும். சராசரி நேரமும் அழகாகக் குறைந்து தோன்றும்.

இரண்டு, நடிக்கும் பயனர் முதல் விடை வரும்வரை காத்திருந்தே அடுத்த வினாவை விடுப்பது பல சோதனைகளின் அமைப்பு. தளம் தளர்ந்தால் வினாக்களும் தாமே குறைந்து விடும். உண்மை மக்களோ தளம் தளர்ந்துவிட்டது என்பதற்காக வராமல் நிற்பதில்லை. உள்ளிருப்போர் காத்திருக்கப் புதியோர் வந்து சேர்ந்துகொண்டே இருப்பர்.

மூன்று, மொழி சார்ந்தது. உலக எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட்டின் வழக்கிலுள்ள யு.ரி.எப்-8 வடிவத்தில் ஆங்கில எழுத்தொன்று ஒரு பைற்றையும் தமிழ்க் குறியீடொன்று மூன்று பைற்றுகளையும் கொள்ளும். ‘கமலாம்பிகை’ என்ற பெயர், உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் பத்துக் குறியீடுகளாகி 30 பைற்றுகளைப் பெறும். பெயருக்கு 20 பைற்று ஒதுக்கிய தளமொன்று ஆங்கிலப் பெயர்கள் நிறைந்த கோப்பினாற் சோதிக்கப்பட்டால் குறை வெளிப்படாது. கமலாம்பிகை வரும் நாளிலேயே வெளிப்படும். குடும்பப் பெயரில்லாது, தந்தை பெயரின் முதலெழுத்தை மாத்திரம் முன்னிட்டு எழுதும் எம்மவர் வழக்கும் இவ்வாறானதே.

விரிதாள் என்ற கருவிக்கே உரிய எல்லைகளும் உள. தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியத்தை அது எண்ணெனக் கருதி நீக்கிவிடும். சில பரம்பரை அலகுகளின் குறியீடுகளைத் திகதிகளென மாற்றிவிடுவதால், அவற்றின் பெயர்களையே 2020இல் அதற்குரிய சர்வதேசக் குழு மாற்ற நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான நாட்களில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் கணக்கில் 15,841 கொவிட் தொற்றாளர் விடுபட்டனர். 65,536 நிரைகளுக்கு மேற்கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவமே காரணமாகும். கோப்பின் அடியில் இடமில்லாது போன ஒவ்வொரு நிரையும், தொடர்பிலிருந்தோருக்கு எச்சரிக்கை செல்லத் தாமதமான ஒரு நோயாளியாகும்.

6. இரு நிகழ்ச்சிகள்

2013 ஒக்டோபர் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்புறுதித் தளமான ஹெல்த்கெயார்.கவ் திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்கள் அதனை நம்பியிருந்தனர். ஒரே வேளையில் 50,000 முதல் 60,000 பேர் வரை எதிர்பார்க்கப்பட்டதாகவும் 2,50,000 பேர் வரை வந்ததாகவும் வெள்ளை மாளிகையின் தொழினுட்ப அதிகாரி கூறினார். ஆயினும் எதிர்பாராத கூட்டமே காரணம் எனக் கொள்ளல் பொருந்தாது. திறப்பதற்குச் சில நாட்களின் முன் சில நூறு பயனரைக் கொண்டு நடத்திய ஒத்திகையிலேயே தளம் முடங்கியதென வொஷிங்டன் போஸ்ட் அம்மாதத்திலேயே செய்தி வெளியிட்டது. தளம் முழுவதையும் ஒருங்கிணைத்துச் சோதிக்க இரு வாரங்களே கிடைத்தனவென ஒப்பந்தகாரர் காங்கிரஸ் விசாரணையிற் சாட்சியமளித்தனர். முதல் நாளில் பதிவை முற்றாக முடித்தோர் ஆறு பேரே எனப் பின்னர் வெளியான குறிப்புகள் காட்டின.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. கணக்குத் திறவாமலே காப்புறுதித் திட்டங்களைப் பார்வையிடும் வசதி திறப்பதற்கு முன் கைவிடப்பட்டது. விலை என்ன என்று அறிய மாத்திரம் வந்தவரும் கணக்குத் திறக்கும் ஒரே வாயிலில் நெருங்க வேண்டியதாயிற்று. வாங்க முடிவு செய்தபின் வருபவரே திட்டமிட்டோரின் மனத்திலிருந்த குடிமகன். வாங்க இயலுமா எனத் தயங்கி வருபவரே நடைமுறையிலுள்ள குடிமகன். இவ்விருவருக்கும் இடையிலான தூரமே தளத்தின் வாயிலில் நெரிசலாக வெளிப்பட்டது என்பது எமது கருத்து. இரு மாத காலத் திருத்தத்தின்பின் 2013 டிசெம்பர் தொடக்கத்தில் தளம் ஒரே வேளையில் 50,000 பேரைத் தாங்குமென அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 2016 ஓகஸ்ட் 9ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. குடிசன மதிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்புமாறு மக்கள் கேட்கப்பட்டிருந்தனர். மணித்தியாலத்துக்குப் பத்து இலட்சம் படிவங்களைத் தளம் தாங்குமெனச் சோதனை மூலம் உறுதிப்படுத்தியிருந்ததாகப் புள்ளிவிபரத் திணைக்களம் கூறியது. அன்று மாலையே தளம் மூடப்பட்டு ஏறத்தாழ 40 மணித்தியாலம் மூடியே கிடந்தது. பெருந்திரளான மக்கள் வரவு அதற்குக் காரணமன்று. அளவிற் சிறிய சேவைமறுப்புத் தாக்குதல்களும், வெளிநாட்டுத் தொடர்பைத் தடுக்கும் ஏற்பாட்டின் பிழையும், வழிப்படுத்தியொன்றின் செயலிழப்பும் காரணங்களென அரசாங்க மீளாய்வு கண்டது. சோதனைக் கோப்பின் நிரைகள் யாவும் நல்ல குடிமக்கள். தீங்கு எண்ணி வருபவனுக்கு அதில் நிரையில்லை. ஹொலரித்தின் காலத்திற் குடிசன மதிப்புக்காக மனிதர் அட்டைகளாயினர். 126 ஆண்டுகளின்பின் குடிசன மதிப்புக்கு முன்னோடியாக அட்டவணை நிரைகள் மனிதராக நடித்தன. இரு காலத்தும், நிரலில் இல்லாதது கண்ணுக்குத் தென்படவில்லை.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சுமைச் சோதனை பயனற்றதென நாம் கருதுவதாகக் கொள்ளலாகாது. சோதிக்காது திறந்த தளம் மக்களையே சோதனைப் பொருளாக்கும். எமது கூற்று வேறு. சோதனை தன் கோப்பிலுள்ள நிரைகளைப் பற்றி மாத்திரமே சான்று பகரும். ‘பத்தாயிரம் பேரைத் தாங்கும்’ என்ற அறிக்கையைக் கண்டவிடத்து, ‘எந்தப் பத்தாயிரம் பேர்?’ என வினவுதல் வேண்டும்.

அவ்வினாவுக்கு விடை கூறத்தக்கவர் கட்டளை எழுதுவோர் மாத்திரமல்லர். விண்ணப்பதாரரை நாள்தோறும் எதிர்கொள்ளும் எழுதுவினைஞர் அறிவர், எந்தப் பகுதியில் மக்கள் தடுமாறுவர் என்பதை. முகப்பில் அமர்ந்திருப்பவர் அறிவார், கடைசி நாளின் கடைசி மணித்தியாலத்திலே கூட்டம் திரளும் என்பதை. விரிதாள் இவர்கள் கைக்குப் பழகிய கருவி. கோப்பை நிரப்ப இவர்களை அழைப்பதற்குத் தொழினுட்பத் தடை எதுவுமில்லை. தடையாக நிற்பது, சிந்திப்போர் வேறு நிரப்புவோர் வேறு எனக் கொண்ட பழைய பிரிவினையே. உண்மை மனிதரின் தரவைப் படியெடுத்து நிரைகளாக இடுவதும் இதற்கு மாற்றாகாது. அது தனியுரிமையை மீறுவதாகும். மனிதரின் வேறுபாடுகளை அறிந்து, கற்பனை நிரைகளாக அவற்றை அமைப்பதே தக்கது.

ஓய்வூதியமும் நிவாரணமும் பரீட்சைப் பெறுபேறும் இணையத்தின் வழியே கிடைக்கும் காலமிது. தளம் முடங்கும்போது வசதியுள்ளவன் நாளை வருவான். அரை நாட் சம்பளத்தை இழந்து தொடர்பு நிலையத்துக்கு வந்தவள் நாளை வர இயலாது. அவளுக்கும் கோப்பில் ஒரு நிரை இருத்தல் வேண்டும். மெதுவாகத் தட்டச்சிடும் அவள் கையும், நீண்ட அவள் பெயரும், இடையில் அறுந்துபோகும் அவள் இணைப்பும் அந்நிரையின் நிரல்களாக அமைதல் வேண்டும். அந்நிரை எழுதப்படாத கோப்பைக் கொண்டு எத்தனை இலட்சம் பேரை நடிக்கச் செய்தாலும், சோதனை இன்னும் தொடங்கவில்லை என்றே நாம் கொள்வோம்.